குழூஉக்குறிக்குக் கோனார் நோட்ஸ்

குறியியல் என்ற சொல் காதில் விழுந்த நாளிலிருந்து நம் விமர்சக நண்பர்களுக்கு எல்லாமே குறியாகத் தெரிகிறது. சமீபத்திய மோகம் கைக்குட்டை. 1970களில் சான்ஃபிரான்சிஸ்கோ, நியூயார்க் நகரங்களில் தோலாடை அணியும் தன்பால் விருப்பினரிடையே பரவிய ஏற்பாடு அது. கால்சராயின் பின்பக்கம் இடது பையில் தொங்கினால் செய்பவன். வலதில் தொங்கினால் செய்வித்துக்கொள்பவன். நிறம் விருப்பத்தைச் சொல்லும். கறுப்பு என்றால் வதை கலந்த இன்பம். நவீன கவிதையே இப்படியொரு கைக்குட்டைதான் என்று ஒருவர் பரவசப்படுகிறார். போகட்டும். அடுத்த காரியமாக, திருநங்கையரும் கோத்திகளும் தமக்குள் பேசும் பாஷைக்குச் சொற்பட்டியல் தயாரித்து அச்சிடப் போகிறார்களாம். அதை எதிர்க்கவே எழுதுகிறேன்.

ரகசியக் குறியைப் பூட்டிய பெட்டி என்று இவர்கள் நினைக்கிறார்கள். அல்ல. அது எல்லோர் கண்ணிலும் படுவது; படவும் வேண்டும். யாராவது மடக்கிக் கேட்டால் 'மூக்குச் சிந்த வைத்திருக்கிறேன்' என்று சொல்லிவிடலாம். அந்தச் சாக்குதான் அதன் உயிர். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரல்பிடித்துப் பேரம் பேசும்போது, பேரம் நடப்பது சந்தைக்கே தெரியும், தொகை தெரியாது. அங்கே அம்பலமானால் நஷ்டம் பணம். இங்கே 1860ஆம் வருஷத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு இருந்தது. ஆயுள் தண்டனை வரை.

பவணந்தி குழூஉக்குறியைத் தகுதி வழக்கில் சேர்த்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று உரைகாரர்கள் உதாரணம் தந்தார்கள். பள்ளிக்கூடப் பையன் ஒப்பிக்கும் அந்தச் சொல்லை இன்று எந்தப் பட்டறையில் ரகசியமாகச் சொல்ல முடியும்?

நண்பர்கள் ஆதாரமாக நீட்டுவது ஹால் ஃபிஷரின் 'கே செமியாடிக்ஸ்'. கைக்குட்டை, சாவிக்கொத்து, காதணி எல்லாவற்றையும் படம்பிடித்து விளக்கம் எழுதிய 1977ஆம் வருஷப் புத்தகம். ஆனால் ஃபிஷர் தம் தெருவை, தம்மவர்களைப் படம்பிடித்தவர். கலிஃபோர்னியாவில் அந்தக் குற்றச் சட்டம் 1976லேயே போய்விட்டது. இவ்விரண்டையும் விட்டுவிட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொள்வது விமர்சனமல்ல, இறக்குமதி.

இங்கும் 2018 செப்டம்பர் 6ல் தீர்ப்பு வந்துவிட்டதே என்பார்கள். வந்தது டெல்லியில். இரவு பத்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் லத்தியோடு நிற்பவர் அதைப் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்பாவும் அண்ணனும் படித்திருக்கப் போவதில்லை. ஏற்கெனவே 'கோத்தி', 'பந்தி' என்ற சொற்கள் எய்ட்ஸ் தடுப்புத் திட்டப் படிவங்களில் கட்டங்களாகிவிட்டன. மிச்சம் இருப்பதையாவது விட்டுவைக்கலாம்.

'இருநூறு பிரதிதானே, யார் படிக்கப் போகிறார்கள்?' என்கிறார் நண்பர். நம் பத்திரிகைகளைப் பற்றி அவர் சொன்னவற்றில் உண்மையானது இது ஒன்றுதான். ஆனால் தந்தியில் பணம் அனுப்பிய காலத்தில் வங்கிகளிடம் ஒரு ரகசியக் குறியீட்டுப் புத்தகம் இருந்தது. அது பெட்டகத்தில் இருக்கும், என்னைப் போன்ற குமாஸ்தாவிடம் தரமாட்டார்கள். அதை அச்சிட்டு இலக்கியச் சேவை என்று சொல்ல எவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பாஷையைப் பேசுகிறவர்களில் ஒருவர், தமக்கு வேண்டும்போது, தம் பெயரில் பட்டியல் போடட்டும். மெய்ப்புத் திருத்தித் தர நான் தயார்.