குளியலறையில் பளிங்குக் கல் பதிக்குமுன்



கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் வட்டாரங்களில் நம்மவர் கட்டும் புதிய வீடுகளில் இப்போது குளியலறைக்கும் பளிங்குக் கல் வந்துவிட்டது. சிப்காட் ஆலைகளில் உழைத்துச் சேர்த்ததோ, வளைகுடாவிலிருந்து அனுப்பியதோ, ஹலாலாக ஈட்டிய பணத்தை வீட்டுக்குச் செலவிடுவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆகவே விலையைப் பற்றி நான் பேச வரவில்லை. அந்தக் கல்லை யார், எதைக் கொண்டு, எத்தனை ஆண்டுகள் பேணப்போகிறார் என்பதே என் கேள்வி. கல் வாங்கக் கிளம்பும் ஆண்கள் பெரும்பாலும் கேட்காத கேள்வி அது.

பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். நம் ஆழ்துளைக் கிணற்று நீர் உலர்ந்ததும் குழாயடியிலும் வாளி விளிம்பிலும் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்புப் படிவமும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே. சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது. படிவத்தைக் கரைக்கும் எதுவும் கல்லையும் கரைக்கும். பீங்கான் ஓட்டின்மீது ஆசிட் ஊற்றினால் படிவம் போகும், ஓடு நிற்கும். பளிங்கின்மீது ஊற்றினால் நுரை பொங்கும். அழுக்கு கழல்கிறது என்று எண்ணிக்கொள்வோம். நுரைத்துக் கரைவது கல்லேதான். கழிப்பறைக்கென்று விற்கும் திரவங்கள் பலவற்றிலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். எலுமிச்சைச் சாறும் வினிகரும்கூட மெருகைத் தின்றுவிடும்.

நம் பகுதியில் இது கூடுதலாக உறுத்துவதற்குக் காரணம் உண்டு. சென்னையின் குடிநீருக்கும் பாசனத்துக்கும் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதால், மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்தில் கடல்நீர் நிலத்துக்குள் புகுந்தது பல பத்தாண்டுகளாக அறிந்த செய்தி. உவர்ப்பு நீர் கல்லின் நுண்துளைகளில் ஊறி உலரும்போது, உள்ளே உப்பு படிகமாகி மேற்பரப்பைப் பொரியச் செய்யும். இரும்புச் சத்துள்ள கிணற்று நீரானால் மஞ்சள் கறை. நல்ல நீர் வரும் ஊரில் பத்தாண்டு பொலிவோடு கிடக்கும் கல், இங்கே ஓரிரு ஆண்டுகளில் மங்கிவிடக்கூடும்.

ஷாஜஹான் காலத்தில் ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து ஆக்ராவுக்குச் சென்ற கல்லுக்கே இந்த நிலை வந்தது. சுற்றிலும் எரிந்த நிலக்கரியின் புகை தாஜ்மகாலைக் கெடுக்கிறது என்று வழக்கு நடந்து, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அப்பகுதி ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லையேல் இடம்பெயர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காற்றில் கலந்த கந்தகப் புகை ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகும். உலகமே காவல் நிற்கும் கட்டடத்துக்கே அப்படி என்றால், நம் வீட்டுக் குளியலறைக் கல்லுக்கு யார் காவல்? வீட்டுப் பெண்களும் வேலைக்கு வரும் சகோதரியும்தான். காற்றோட்டமில்லாத சிறு அறையில் ஆசிட் ஆவியைச் சுவாசிப்பவர்களும் அவர்களே. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் குளோரின் நச்சுவாயு எழும் என்பதையாவது ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது வழுக்கல். ஃபஜ்ருக்கு அரை இருட்டில் எழுந்து ஒளூச் செய்யச் செல்லும் முதியவர் ஈரமான மெருகுக் கல்லில் கால் வைக்கிறார். இடுப்பெலும்பு முறிந்தால் பலருக்கு எஞ்சிய வாழ்நாளே படுக்கைதான். பெற்றோர் வாழும் வீட்டில் அப்படி ஒரு தரையை அழகுக்காகப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிறருக்குத் தீங்கு இழைக்கலாகாது என்ற ஃபிக்ஹின் அடிப்படை வீட்டுக்கு வெளியே மட்டும் செல்லுபடியாவது அன்று.

எனவே என் கருத்து இது: நம் பகுதியில் குளியலறைத் தரைக்குப் பளிங்கு வேண்டாம். மெருகேற்றாத கிரானைட்டோ சொரசொரப்பான ஓடோ போதும். கிரானைட்டுக்கு நம் கிருஷ்ணகிரி இருக்கிறது. ஆசை இருந்தால் நீர் நேரடியாக அடிக்காத சுவரிலும் கைகழுவும் தொட்டியின் மேடையிலும் பளிங்கு வையுங்கள். தரையிலேதான் வேண்டும் என்போர், பளபளப்பு ஏற்றாத மங்கல் மெருகுக் கல்லைக் கேளுங்கள். வழுக்கலும் குறையும், ஆசிட் வடுவும் அவ்வளவாகத் தெரியாது. நீர் தேங்காதபடி வாட்டம் சரியாக இருக்கட்டும்.

கடையில் ஒரு துண்டுக் கல்லைக் கேட்டு வாங்கி, அதில் ஒரு துளி நீரைக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். அந்த இடம் கருத்தால் கல் நிறைய உறிஞ்சுகிறது என்று பொருள். இன்னொரு மூலையில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். மெருகு போனால் சுண்ணாம்புக் கல் வகை. கிரானைட்டுக்கு ஒன்றும் ஆகாது. இத்தாலியப் பலகையானால் பின்புறத்தையும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். வலை ஒட்டியிருப்பது வழக்கமே. விரிசல்களைப் பசையால் நிரப்பியிருக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு மஸ்அலா. வாள், கண்ணாடி போன்ற உறிஞ்சாத வழுவழுப்பான பொருள்களில் நஜீஸ் பட்டால் துடைத்தாலே தூய்மையாகிவிடும் என்பது ஹனஃபி சட்டம். பளபளக்கும் பளிங்கும் அவ்வகையே என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். பளிங்கு உறிஞ்சும் கல். நீர் ஊற்றிக் கழுவுவதே பேணுதல்.

பராமரிப்பு எளிது, ஆனால் அன்றாடம் செய்ய வேண்டியது. மென்மையான சோப்பு நீர், பிறகு நல்ல நீர், பிறகு உலர்ந்த துணி. அந்தக் கடைசித் துடைப்புதான் உப்புப் படியாமல் காக்கும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளூவும், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பும் நிறைவேற்றியதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள், புகாரியில் உள்ளது. முத்து என்பது இரு கைகள் சேர்த்து அள்ளும் அளவு. நான்கு முத்து ஒரு ஸாவு. குழாயைத் திறந்துவிட்டு ஒளூச் செய்யும் நமக்கு இந்த ஸுன்னத் திரும்பினால் தரையில் சிந்தும் நீரும், அதில் படியும் உப்பும், வழுக்கலும் சேர்ந்தே குறையும்.

எண்ணெய்க் கறைக்கு முல்தானி மிட்டியைக் குழைத்து அப்பி, மூடி வைத்து, மறுநாள் உலரவிட்டு எடுங்கள். தாஜ்மகாலுக்குத் தொல்லியல் துறை பூசுவதும் இந்த மண்ணையே. மருதாணிக் கறை மட்டும் பெரும்பாலும் முழுதாகப் போவதில்லை. பெருநாள் இரவில் கை கழுவ வேறு இடம் வையுங்கள். சீலர் பூசுவது நல்லது. அது கறை ஊறுவதைத் தாமதப்படுத்தும், ஆசிட்டைத் தடுக்காது. துளி நீர் மீண்டும் கருக்கத் தொடங்கினால் மறுபடி பூசும் நேரம்.

இளநிறக் கல்லுக்கு வெள்ளைச் சிமெண்டே வேண்டும். சாம்பல் சிமெண்டின் நிறம் மேலே ஊறி வரும். பதிப்பு வேலை முடியும் நாளில் நீங்களே அங்கே இருங்கள். ஓடு பதித்துப் பழகிய கை, கடைசியில் சிமெண்ட் பிசிறைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்க்கும். குடிபோகுமுன்பே கல் கெடுவது அந்த ஒரு மணி நேரத்தில்தான். பிசிறை அன்றன்றே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும் என்பதைக் கொத்தனாரிடம் கூலி பேசும்போதே பேசிவிடுங்கள்.