"நீட்டா வாங்க" என்றால் என்ன அர்த்தம்?

போன மாதம் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டில் ஒரே சத்தம். சண்டையோ என்று எட்டிப் பார்த்தேன். சண்டையில்லை, உடுப்புப் பிரச்சினை. அந்த வீட்டுப் பெண் விலங்கியல் பட்டம் முடித்துவிட்டு ஒரு வருடமாக வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். டவுனில் நாய், பூனை பார்க்கும் கிளினிக் ஒன்றில் உதவியாளர் வேலை இருக்கிறதாம். "ரெண்டு நாள் ட்ரையல் வாங்க, பார்த்துட்டுச் சொல்றோம்" என்று போனில் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன போட்டுக்கொண்டு வரவேண்டும் என்று இவள் கேட்டிருக்கிறாள். வந்த பதில், "நீட்டா வாங்க." அவ்வளவுதான்.

அந்த "நீட்டா"வுக்கு வீட்டில் ஆளுக்கொரு அர்த்தம். அம்மாவுக்கு அது தீபாவளிக்கு எடுத்த சுடிதார், ஜரிகை வைத்த துப்பட்டா, ஜிமிக்கி, கை நிறைய கண்ணாடி வளையல், தலையில் ஒரு முழம் மல்லிகை. அப்பாவுக்கு முழுக்கை வைத்த எதுவானாலும் சரி. தம்பிக்காரன், வெள்ளைக் கோட்டு ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்கிறான். கடைசியில் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. 32 வருடம் கால்நடைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், தெருவுக்கே மாட்டு டாக்டர் அல்லவா?

நான் சொன்னது இதுதான். நாலு தடவை துவைத்த பருத்திச் சட்டை அல்லது குர்தா, அரைக்கை. குத்துக்கால் போட்டு உட்கார முடிகிற பேன்ட். விரல் மூடிய ஷூ. துப்பட்டா, வளையல், மோதிரம், தொங்கல், பூ, சென்ட் எதுவும் வேண்டாம். முடியை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொள். பையில் மாற்று உடுப்பு ஒரு செட்.

"துப்பட்டா இல்லாம வயசுப் புள்ளையை மொத நாளே எப்படிங்க மாமா அனுப்பறது? பார்க்கறவங்க என்ன நெனைப்பாங்க?" என்றாள் அம்மா. நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வீட்டுப் பெண்ணின் துப்பட்டா விஷயத்தில் கிழவனுக்கு என்ன வேலை என்று வாயை மூடிக்கொண்டேன். பெண் அம்மா சொன்னபடியே போனாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஒரு நாயை மேஜைமேல் ஏற்றி, ஊசி போடுவதற்குப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வாய்க்கட்டு போடவில்லை. இவள் குனிந்தபோது துப்பட்டா நாயின் முகத்தில் விழுந்தது. நாய் அதைக் கவ்வி இழுத்தது. கழுத்தோடு சாய்ந்தவள் கையை ஊன்றினாள். அடுத்த கடி முன்கையில். வளையல் இரண்டு உடைந்து அதுவும் கிழித்தது.

கிளினிக்காரர் சொன்னாராம், "இப்படி டிரஸ் பண்ணிட்டு வந்தா நாய் கடிக்காம என்னம்மா பண்ணும்?" ஊசிச் செலவு பற்றிக் கேட்டதற்கு, "நீங்க இன்னும் ஸ்டாஃப் இல்லையே, ட்ரையல்தானே." அந்த நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்ததா என்றும் யாருக்கும் தெரியவில்லை. அதன் சொந்தக்காரர் அதற்குள் கிளம்பிவிட்டார். பெண் கையில் கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தாள்.

"சோப்புப் போட்டுக் கழுவினியா கண்ணு?" என்று கேட்டேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றினார்களாம். குழாயடியில் நிற்க வைத்து, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் சொன்னேன். பிறகு அவள் அப்பாவின் வண்டியில் அரசு ஆஸ்பத்திரிக்கு. தோல் கிழிந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் போட்டார்கள், தடுப்பூசியும் ஆரம்பித்தார்கள். நம் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயமுறுத்துவார்களே, அதெல்லாம் போயே போய்விட்டது. இப்போது கையிலேயே நாலைந்து தவணைதான். நோயின் குறி தெரிய ஆரம்பித்த பிறகு ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இல்லாத காரியம் என்பது மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் மாறவில்லை.

அந்தக் கிளினிக்காரரின் கேள்வி என் மண்டையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "இப்படி டிரஸ் பண்ணிட்டு வந்தா?" எப்படி வரவேண்டும் என்று அவர் எப்போது சொன்னார்?

கோவையில் லேத் பட்டறை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். புதிதாக வரும் பையன் வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் மிஷின் பக்கமே விடமாட்டார். சுற்றுகிற மிஷின் துணியைப் பிடித்தால் கையும் சேர்ந்து போகும் என்று அவருக்குத் தெரியும். நாய்ப் பல்லும் மாட்டுக் கொம்பும் அந்த மிஷினுக்குச் சளைத்தவை அல்ல. கால்நடை மருத்துவமனையில் உடுப்பு என்பது அழகுக்கோ அடக்கத்துக்கோ உள்ள விஷயமில்லை. கத்தி, கத்தரிக்கோல், ஊசிக்குழல் மாதிரி அதுவும் ஒரு கருவி.

நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. அரைக்கை எதற்கு? முழங்கைக்குக் கீழே துணி, வாட்ச், மோதிரம் இருந்தால் கையைச் சரியாகக் கழுவ முடியாது. இங்கிலாந்தின் அரசு ஆஸ்பத்திரிகளில் 2007-லேயே மனித டாக்டர்களுக்கே முழங்கைக்குக் கீழே ஒன்றும் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். வளையலுக்கும் மோதிரத்துக்கும் அடியில் தங்குகிற அழுக்குதான் அடுத்த நோயாளிக்குப் போகிறது. போதாததற்கு வளையல் சத்தம் பூனைக்கு ஆகாது.

மூடிய ஷூ எதற்கு? நாய்க்குட்டிகளை இரண்டே நாளில் ரத்தபேதியில் கொண்டுபோகிற பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செருப்படியில் ஒட்டிக்கொண்டு உங்களோடு வீட்டுக்கு வரும். வீட்டு வாசலில் குட்டி போட்ட நாய் இருந்தால் முடிந்தது கதை. ஷூ என்றால் பிளீச்சிங் கரைசலில் துடைக்கலாம். சரிகைச் செருப்பை என்ன செய்வீர்கள்? எலிக்காய்ச்சல் இன்னொன்று. நோயுள்ள பிராணியின் மூத்திரத்தில் அந்தக் கிருமி வரும். பாதத்தில் சின்ன வெடிப்பு, கீறல் இருந்தால் போதும், உள்ளே புகுந்துவிடும்.

துப்பட்டாவுக்கு விளக்கம் வேண்டியதில்லை, மேலேயே சொல்லிவிட்டேன். ஜிமிக்கியும் அதே ஜாதி. பூனை நகத்தில் மாட்டினால் காது மடல் கிழியும். சென்ட்டும் பூவும் நமக்குத்தான் வாசனை. மோப்பத்தாலேயே உலகத்தை அறிகிற நாய்க்கு, ஏற்கெனவே மருந்து நெடியில் மிரண்டிருக்கும் இடத்தில், அது இன்னொரு தொந்தரவு. வெள்ளைக் கோட்டு? என் அனுபவத்தில், ஒரு தடவை ஊசி குத்துப்பட்ட நாய் வெள்ளைக் கோட்டைக் கண்டாலே மேஜைக்கு அடியில் போய் ஒளியும். மாற்று உடுப்பு எதற்கென்றால், படர்தாமரை பூனையிடமிருந்தும் கன்றுக்குட்டியிடமிருந்தும் மனிதருக்குத் தொற்றும். வேலை பார்த்த துணியோடு போய்த் தம்பி தங்கையைத் தூக்கக் கூடாது. அதைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

இதெல்லாம் யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். அந்தக் கிளினிக்காரருக்குத் தெரியும். நேற்று வரைக்கும் கல்லூரியில் தவளைப் படம் வரைந்துகொண்டிருந்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர் தெரியாதவரிடம் "நீட்டா வாங்க" என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு, அடிபட்ட பிறகு உடுப்பைக் குறை சொல்வது என்ன நியாயம்? சரியான உடுப்பிலேயே போயிருந்தாலும் ஏப்ரன் எங்கே? கையுறை எங்கே? நாய்க்கு வாய்க்கட்டு எங்கே? நாய் பிடிக்கிற வேலைக்கு வருகிறவருக்கு வெறிநோய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போடும் முறை இருக்கிறது. அது போட்டிருக்கிறதா என்று கேட்காமல் முதல் நாளே நாயைப் பிடிக்கச் சொன்னது யார்?

இதை எழுதும்போது என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஆள் யாராவது படித்துவிட்டுச் சிரிப்பார்.

1980-களில் ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். என்னிடம் ஒரு உதவியாளர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கன்று ஈன முடியாமல் தவிக்கிற மாடு, நஞ்சு விழாத மாடு என்று எந்தக் கட்டுத்தரைக்குப் போனாலும் எனக்கு முன்னால் அவர்தான் இறங்குவார். மருந்தகத்தில் இருந்தது ஒரே ஒரு ஜோடி கம்பூட்ஸ். அது டாக்டருக்கு. அவர் வெறுங்காலோடு சாணியிலும் கோமியத்திலும் நிற்பார். நஞ்சை வெறுங்கையில் வாங்கிக் குழியில் போட்டு மூடுவார். கன்று வீச்சு நோய் அந்த நஞ்சிலிருந்து மனிதருக்கு வரும் என்று நான் வேப்பேரிக் கல்லூரியில் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். அவரிடம் சொன்னதில்லை.

அவருடைய உடுப்பு விஷயத்தில் நான் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை. மேலதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அன்று லுங்கியோடு நின்றார். "காக்கி எங்கேய்யா? ஆபீசர் வர்ற நாள்னு தெரியாது?" என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். வீட்டுக்கு ஓடிப்போய், இஸ்திரி போட்ட காக்கியில் திரும்பி வந்தார். காலில் அப்போதும் ஒன்றுமில்லை. அது என் கண்ணில் படவில்லை, ஆபீசர் கண்ணிலும் படவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் சேர்ந்து வந்தது. பாதத்தில் பித்தவெடிப்பு எப்போதும் உண்டு. கீழாநெல்லி கொடுத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். ஒன்றரை மாதம் கழித்துப் பாதி ஆளாக வேலைக்கு வந்தார். என்ன நோய் என்று யாரும் பரிசோதித்துச் சொல்லவில்லை. இன்றைக்கு யோசித்தால் எலிக்காய்ச்சலாக இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது. கம்பூட்ஸ் இன்னொரு ஜோடி என் சம்பளத்திலேயே வாங்கியிருக்கலாம். இஸ்திரி போட்ட காக்கியைக் கேட்கத் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லை. அந்தக் கிளினிக்காரரைத் திட்டும்போது பாதித் திட்டு என் பக்கமும் திரும்புகிறது. திரும்பட்டும்.

சிலர் சொல்வார்கள், "சின்ன கிளினிக்குங்க, அவரால் எத்தனைதான் வாங்க முடியும்?" ஒரு நாயைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிட வாங்குகிற காசில் ஒரு ஏப்ரன் வாங்கிவிடலாம். கையுறை பெட்டி பெட்டியாகக் கிடைக்கிறது. "ட்ரையலே வைக்கக் கூடாதா?" என்பார்கள். தாராளமாக வைக்கட்டும். ரத்தத்தைக் கண்டால் மயங்குகிற ஆளா, மிரண்ட பூனையிடம் பொறுமையாக இருக்கிற ஆளா என்று நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் தெரியாது. பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் ட்ரையல் நாளில் கடிக்கிற நாய்க்கு, இவள் சம்பளப் பட்டியலில் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாது. வேலை வாங்குகிற அன்றைக்கே பொறுப்பும் வந்துவிடுகிறது. கூலியும்தான். இரண்டு நாள் சும்மா உழைக்க வைத்து "அப்புறம் சொல்றோம்" என்று அனுப்புவதை நம் ஊரில் முன்பு வேறு பேர் வைத்துச் சொல்வோம்.

துப்பட்டா இல்லாமல் மரியாதையா என்று கேட்கும் தாய்மார்களுக்கும் ஒன்று. உங்கள் கவலையை நான் கேலி செய்யவில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் பெண் பிள்ளை சங்கடமில்லாமல் நிற்க வேண்டும், சரி. கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடுகிற ஏப்ரனைவிடத் துப்பட்டா எதை அதிகமாக மூடிவிடப் போகிறது? பஸ்ஸில் துப்பட்டாவோடு போகட்டும். வாசலில் மடித்துப் பையில் வைத்துவிட்டு உள்ளே போகட்டும். மரியாதையும் மிஞ்சும், கையும் மிஞ்சும்.

பெண்ணுக்கு இன்னும் ஒரு தவணை ஊசி பாக்கி. காயம் ஆறிவிட்டது, தழும்பு நிற்கும் போலிருக்கிறது. பிராணிகள் வேலையே வேண்டாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அவள் கேட்பதாக இல்லை. நேற்று வந்து, "இன்னொரு எடத்துல கூப்பிட்டிருக்காங்க தாத்தா, என்ன போட்டுட்டுப் போகட்டும்?" என்றாள்.

"அதை அப்புறம் சொல்றேன் கண்ணு. மொதல்ல அவங்களுக்குப் போன் போட்டு மூணு கேள்வி கேளு. ஏப்ரனும் கையுறையும் நீங்க தருவீங்களா? நாய்க்கு வாய்க்கட்டு இருக்கா? எனக்குக் கடிபட்டா யார் பார்ப்பாங்க? இதுக்குப் பதில் சொல்றவங்ககிட்ட வேலைக்குப் போ" என்றேன்.

"இப்படிக் கேட்டா வேலை குடுப்பாங்களா தாத்தா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. கொடுக்காமலும் போகலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கேட்க ஆரம்பித்தால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். இதைப் படிக்கிறவர்களில் நாய், பூனை வளர்க்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அடுத்த தடவை ஊசி போடக் கூட்டிக்கொண்டு போகும்போது, உங்கள் நாயைப் பிடிக்க வருகிற அந்தச் சின்னப் பெண்ணின் காலையும் கையையும் ஒரு தடவை பாருங்கள். செருப்பும் வெறுங்கையுமாக நின்றால், காசு கொடுக்கிற நீங்களே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேலை போய்விடும் என்ற பயம் உங்களுக்கு இல்லையே.