சென்னைக்கு வைத்தியத்துக்கு வர்றீங்களா? எந்த ஏரியாவுல தங்கறதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க

"டாக்டர் தம்பி, அப்பாவை மெட்ராஸ் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. எந்த ஆஸ்பத்திரி நல்லது?"

ஊர்ல இருந்து வாரத்துக்கு ரெண்டு போனாவது இப்படி வரும். இந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ரெஃபரல் சீட்டுலயே எழுதியிருக்கும். அடுத்து கேட்க வேண்டிய கேள்வியைத்தான் யாரும் கேட்கிறதில்லை. எங்க தங்கறது?

பீச் பார்க்க, கல்யாணத்துக்கு, ஷாப்பிங்குக்கு வர்றவங்களுக்கு ரூம் எங்க போடலாம்னு சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கு. இது அவங்களுக்கான திரெட் இல்லை. கையில ஃபைலோட, கூட ஒரு நோயாளியோட வர்றவங்களுக்கு. நான் அரசு மருத்துவமனையில டியூட்டி டாக்டர். பெரிய ஆபரேஷன் எதுவும் நான் பண்றதில்லை. ஆனா டிஸ்சார்ஜ் எழுதறது, "அடுத்து எப்ப வரணும்"னு சொல்றது, வராதவங்களுக்குப் போன் போட்டுப் பார்க்கிறது எல்லாம் எங்க வேலை. அதனால வைத்தியம் எந்த இடத்துல அறுந்து போகுதுன்னு எங்களுக்கு நல்லாவே தெரியும்.

நான் பார்த்த வரைக்கும், பாதியில நின்ன வைத்தியங்கள்ல நிறைய, தங்கற இடத்தாலதான் நின்னுருக்கு.

ரேடியேஷனை எடுத்துக்கங்க. பொதுவா வாரத்துக்கு 5 நாள், அஞ்சுல இருந்து ஏழு வாரம் வரைக்கும் போகும். மெஷின்ல படுக்கிறது என்னவோ பத்து, பதினஞ்சு நிமிஷம்தான். அதுக்காக எல்லாரையும் அட்மிட் பண்ண பெட் கிடையாது. தினம் வந்து போகணும். நடுவுல நாள் விட்டா, கட்டிக்கு மறுபடி வளர நாமளே டைம் குடுத்த மாதிரி.

ஒருத்தர் வந்தார். டெல்டா பக்கம் ஊர், ஐம்பதைத் தாண்டினவர், வாய்ப் புற்றுநோய். தாம்பரத்துக்கும் அந்தப் பக்கம் தங்கச்சி வீடு. "சொந்தக்காரங்க வீடு இருக்கும்போது லாட்ஜ் எதுக்கு சார்"னு சொல்லி, அங்கிருந்து தினம் வந்தார். மூணாவது வாரம் வாயெல்லாம் புண்ணாச்சு. ரேடியேஷன்ல அது எதிர்பார்க்கிறதுதான். கஞ்சி கூட இறங்கலை. அந்த நிலையில பஸ், ரயில்னு மாறி நின்னுட்டே வரணும். நாலாவது வாரம் ஆளைக் காணோம். ரெண்டு மாசம் கழிச்சு வந்தப்ப கழுத்துல நெறி கட்டியிருந்தது. தங்கச்சி மேல எந்தக் குத்தமும் இல்லை, நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க. வீடு இருந்த இடம்தான் ரொம்ப தூரம்.

அதனால சொல்றேன். ஒரு நாள் ஓ.பி. காட்டிட்டுத் திரும்பறதுன்னா எங்க வேணா தங்கிக்கங்க. ஒரு வாரத்துக்கு மேல வந்து போகணும்னா, சொந்தக்காரங்க வீடு எவ்வளவு வசதியா இருந்தாலும் தூரத்தைப் பாருங்க. அத்தை கோவிச்சுக்குவாங்கன்னா கோவிச்சுக்கட்டும். சனி, ஞாயிறு போய்ப் பார்த்துட்டு வாங்க.

இன்னொரு பொறி கிளாம்பாக்கம். 2023 டிசம்பர்ல புது பஸ் ஸ்டாண்ட் திறந்ததுல இருந்து தெக்குச் சீமையில இருந்து வர்ற பஸ்ஸெல்லாம் பெரும்பாலும் அங்கதான் இறக்கி விடுது. விடியக்காலையில அசதியா இறங்குறவங்க, பக்கத்துலயே ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரின்னு ரூம் போட்டுடறாங்க. அங்கிருந்து சென்ட்ரல் எதிர்ல இருக்கிற ஜி.எச். முப்பது கிலோமீட்டருக்கும் மேல. ஓ.பி. சீட்டு வாங்கற வரிசை காலையிலயே ஆரம்பிச்சுடும், மதியத்துக்குள்ள ஓ.பி. முடிஞ்சுடும். பதினொன்றரைக்கு மூச்சு வாங்க ஓடி வந்து "பஸ்ஸு லேட்டு சார்"னு நிக்கிறவங்களைப் பார்த்தா கோவப்படவும் முடியாது. முடிஞ்சா ரயில்ல எழும்பூருக்கே வந்துடுங்க. பஸ்ஸுதான்னா, பெட்டியோட தாம்பரம் வந்து பீச் போற மின்சார ரயிலைப் பிடிங்க. அந்த லைன்லதான் எழும்பூரும் இருக்கு, ஜி.எச். பக்கத்துல இறக்கி விடுற பார்க் ஸ்டேஷனும் இருக்கு.

இப்ப சென்னை மேப்பைக் கொஞ்சம் பாருங்க. பெரிய, பழைய அரசு மருத்துவமனைகள் ஏன் எல்லாம் வடகிழக்கு மூலையில குவிஞ்சு கிடக்கு? ஊரே அங்கிருந்துதான் வளர்ந்தது. கோட்டை, அதை ஒட்டிக் கப்பல் வந்து நின்ன கடற்கரை, அதுக்குப் பின்னாடி சரக்குக் கிடங்கு, கடைத்தெரு. ஜி.எச். 1664ல கோட்டைக்குள்ள ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி. துறைமுகம் கட்டி முடிச்சது 1881 வாக்குல. ஐ.டி. கம்பெனியும் புது ஃப்ளாட்டும் தெற்கே போனது நேத்து நடந்த கதை. ஆனா "சென்னையில டீசண்ட்டான ஏரியா சொல்லுங்க"ன்னு கேட்டா, எல்லாரும் தெற்கேயும் மேற்கேயும்தான் கை காட்டுறாங்க. வடபழனியிலயும் தி.நகர்லயும் ரூம் போட்டுட்டு ஸ்டான்லிக்குத் தினம் டிராஃபிக்ல வர்றவங்களைப் பார்க்கிறேன். கேட்டா ஒரே பதில்தான். "வண்ணாரப்பேட்டை பக்கமெல்லாம் பயமா இருக்கும்னு சொன்னாங்க சார்."

யார் சொன்னது? சினிமா சொன்னது. வட சென்னைன்னாலே கையில கத்தியோட நாலு பேர் ஓடணும்னு முடிவு பண்ணி வெச்சிருக்கோம். நான் ராத்திரி டியூட்டி முடிச்சு எத்தனையோ நாள் அந்தத் தெருவுல டீ குடிச்சிருக்கேன். விடியக்காலையில அங்க நடமாடறது மீன் கூடையோட காசிமேட்டுல இருந்து வர்ற அக்காங்களும், மண்ணடியில சரக்கு இறக்குறவங்களும்தான். பர்ஸை எந்த ஊர்லயும் பத்திரமா வெச்சுக்கணும், அவ்வளவுதான்.

ஸ்டான்லிக்கு நம்ம ஜனங்க வெச்ச பேரு கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. அந்தப் பேர் ஏன் வந்துச்சு தெரியுமா? 1780களோட தொடக்கத்துல பெரும் பஞ்சம். ஊரை விட்டுப் பட்டணத்துக்கு ஓடி வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்தி, படுக்க இடம் குடுக்க ஒரு சத்திரம் வந்துச்சு. மணியக்காரர் சத்திரம்னு பேரு. பின்னாடி அதுல இருந்து வளர்ந்ததுதான் இந்த மருத்துவமனை. அதாவது அங்க முதல்ல வந்தது தங்க இடமும் சோறும். மருந்து அப்புறம்தான் வந்துச்சு. இன்னைக்கு நாம அதைத் தலைகீழாப் பண்ணிட்டிருக்கோம். ஆபரேஷன் இலவசம், ஸ்கேனுக்குக் காப்பீட்டு அட்டை இருக்கு, ஆனா கூட வந்தவங்க எங்க படுப்பாங்கன்னு கேட்க ஆள் இல்லை.

கை அறுவை சிகிச்சைக்கு ஸ்டான்லி பேர் போன இடம். லேத்துல, ரைஸ் மில்லுல விரல் போனவங்க தமிழ்நாடு முழுக்க இருந்து வர்றாங்க. தசைநாணைத் தைச்சு விடறது பாதி வேலைதான். அப்புறம் பல வாரம் டிரஸ்ஸிங், பிசியோதெரபி. அதை விட்டா விரல் மடங்காம அப்படியே விறைச்சுப் போயிடும். இருபத்தெட்டு வயசுப் பையன் மறுபடி லேத்துல நிப்பானா மாட்டானான்னு முடிவு பண்றது அந்த வாரங்கள்தான். அவன் தங்க வேண்டியது மண்ணடியிலயோ பழைய வண்ணாரப்பேட்டையிலயோ. ரெண்டு இடத்துலயும் மெட்ரோ இருக்கு. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்துடலாம், முடியாத அன்னைக்கு ஆட்டோவுக்கும் பெருசா செலவாகாது. மண்ணடி துறைமுகத்தோட வியாபாரத் தெருங்கறதால வெளியூர் ஆளுங்க தங்கறதும் சாப்பிடறதும் அங்க புதுசு இல்லை.

ஆனா வட சென்னையில எங்க வேணா தங்கலாம்னு சொல்ல மாட்டேன். ஆஸ்துமா, நுரையீரல் நோய் இருக்கிறவங்க துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி போற ரோட்டை ஒட்டி ரூம் எடுக்காதீங்க. புகையும் புழுதியும் ராத்திரி பூரா இருக்கும். எம்.சி. ரோடு துணிக்கடை ஏரியா, தீபாவளி நேரத்துல அங்க மனுஷன் நடக்கவே முடியாது. சௌகார்பேட்டையில சாப்பாடு பிரமாதம், ஆனா பல சந்துல ஆம்புலன்ஸ் திரும்பாது. ரூம் பார்க்கும்போது "இந்தத் தெருவுக்குள்ள 108 வருமா?"ன்னு ஒரு தடவை கண்ணால பார்த்துக்கங்க. கீமோ போயிட்டிருக்கிறவங்களுக்குக் காய்ச்சல் 100.4ஐத் தொட்டா ராத்திரி ரெண்டு மணின்னாலும் உடனே கேஷுவால்டிக்கு வரணும். விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. அப்ப தூரமும் சந்தும்தான் முக்கியம், ஏ.சி. இல்லை.

எந்த ஆஸ்பத்திரின்னே இன்னும் முடிவாகலை, ரெண்டு மூணு இடம் அலையணும்னா, என் ஓட்டு எழும்பூருக்கு. ஸ்டேஷனுக்கு எதிர்ல கென்னட் லேன் பூரா லாட்ஜ். குழந்தைகள் மருத்துவமனை, மகப்பேறு மருத்துவமனை, கண் மருத்துவமனை மூணும் அந்தப் பக்கமே. ஜி.எச். போக மெட்ரோவுல ஒரே ஸ்டாப். கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கும் அதே லைன்தான், எதிர்த் திசையில ரெண்டாவது ஸ்டாப். ஆபரேஷன் தள்ளிப்போனா ஊருக்குத் திரும்பற ரயிலும் வாசல்லயே நிக்குது. குழந்தையோட வர்றவங்க வேற எங்கயும் யோசிக்கவே வேண்டாம்.

ஜி.எச்.க்கு மட்டும்தான்னா பெரியமேடு, பார்க் டவுன் பக்கம் விலை குறைவா கிடைக்கும். ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனைன்னா திருவல்லிக்கேணி. மேன்ஷன்கள்ல குறைஞ்ச வாடகைக்கு ரூம், சுத்தி மெஸ் சாப்பாடு. ஆனா பழைய மேன்ஷன் பலதுல லிஃப்ட் கிடையாது. இதயத்துல ஸ்டென்ட் வெச்சு நாலு நாள் ஆன மனுஷனை மூணாவது மாடியில ஏத்தி வைக்காதீங்க. கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனைக்கு வர்றவங்க மட்டும் தாராளமா தெற்கே தங்கிக்கலாம்.

ரூமுக்குள்ள போனதும் எல்லாரும் மெத்தையை அமுக்கிப் பார்க்கிறாங்க. நீங்க பாத்ரூமைப் பாருங்க. இடுப்பு, முட்டி ஆபரேஷன் ஆனவங்களுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் கண்டிப்பா வேணும், குத்த வெச்சு உட்காரவே கூடாது. தரை வழுக்குதா, பிடிக்க ஏதாவது இருக்கா, ராத்திரி லைட் எரியுதா பாருங்க. குடிக்கத் தண்ணி காய்ச்சினதோ கேனோ வாங்கிக்கங்க, ஆபரேஷனுக்கு வந்த இடத்துல மஞ்சக்காமாலை வாங்கிட்டுப் போகாதீங்க. ஜன்னல்ல கொசுவலை இல்லைன்னா சுருட்டிக் கட்டற வலை ஒண்ணு ஊர்ல இருந்தே எடுத்துட்டு வாங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தரைத்தளத்து ரூம் வேண்டாம். முதல் மாடி, லிஃப்டோட.

"அவ்வளவு பக்கத்துல வாடகை கட்டுப்படியாகாது டாக்டர்"னு சொல்றது புரியுது. கணக்குப் போட்டுப் பாருங்க. நாளைக்கு 300 ரூபா மிச்சம்னு பத்து கிலோமீட்டர் தள்ளிப் போய், நடக்க முடியாத ஆளை ஆட்டோவுல கூட்டிட்டு வந்தா போக வர எவ்வளவு ஆகும்? மிச்சம் பிடிக்கணும்னா சாப்பாட்டுல பிடிங்க. பெரிய அரசு மருத்துவமனைகள் சிலதுல வளாகத்துக்குள்ளயே அம்மா உணவகம் இருக்கு. அப்புறம் ஸ்டேஷன் வாசல்ல "ஆஸ்பத்திரி பக்கம் ரூம்"னு பையைப் பிடுங்குறவங்க பின்னாடி போகாதீங்க. அவங்க கமிஷனும் உங்க வாடகையிலதான் இருக்கு. ஒரு மாச அட்வான்ஸ் எங்கயும் குடுக்காதீங்க, வாரக் கணக்குல பேசுங்க. ஆபரேஷன் தேதி மாறும், அதான் நிஜம்.

அதுவும் முடியாதவங்க அட்மிஷன் ஆன அன்னைக்கே வார்டு சிஸ்டர்கிட்ட, "கூட இருக்கிறவங்க தங்க இடம் இருக்கா"ன்னு வாய் விட்டுக் கேளுங்க. சில மருத்துவமனைகளை ஒட்டி மாநகராட்சி தங்குமிடம் கட்டியிருக்கு. பாதிப் பேருக்கு அது இருக்கிறதே தெரியாம வராண்டாவுல படுத்திருக்காங்க. தெரிஞ்சு வர்ற எல்லாருக்கும் அங்க இடம் பத்தாதுங்கிறதும் உண்மை. அரசு ஊழியனா இருந்துட்டே சொல்றேன், புது பிளாக் கட்டும்போது ஒவ்வொரு தடவையும் ஆபரேஷன் தியேட்டர் எத்தனை, பெட் எத்தனைன்னு கணக்குச் சொல்றோம். தினம் வந்து ரேடியேஷனும் டயாலிசிஸும் எடுக்கிறவங்க படுக்க எத்தனை பாய் விரிக்கலாம்னு ஒரு மாடி ஒதுக்கினா, போட்ட காசுக்கு வைத்தியம் முழுசா முடியும். மெஷின் வாங்கற செலவுல அது ஒரு மூலைக்குக் காணாது.

சென்னைதானான்னும் ஒரு தடவை கேட்டுக்கங்க. தமிழ்நாட்டுல 36 அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. "இந்த டெஸ்ட், இந்த டிரஸ்ஸிங், இந்த ஃபாலோ அப் எங்க மாவட்டத்துலயே பண்ணிக்கலாமா?"ன்னு டிஸ்சார்ஜ் அன்னைக்குக் கேளுங்க. பண்ணலாம்னா அதை டிஸ்சார்ஜ் சம்மரியிலயே எழுதி வாங்கிக்கங்க. நீங்க கேட்டா எழுதிக் குடுப்போம். வரிசையில எண்பது பேர் நிக்கும்போது நாங்களா யோசிச்சு எழுதறது எல்லா நாளும் நடக்காது.

கடைசியா ஒண்ணு. லாட்ஜ் பேரு, தெரு, ரூம் நம்பர், கூட வந்தவர் போன் நம்பர், இதெல்லாம் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி நோயாளியோட சட்டைப்பையிலயோ முந்தானையிலயோ வெச்சு விடுங்க. போன்ல இருக்குன்னு சொல்லாதீங்க, அந்தப் போன் சார்ஜ் இல்லாம உங்க கையில இருக்கும். வயசானவங்க ஸ்கேன் ரூமுக்கும் டீக்கடைக்கும் நடுவுல வழி தவறி, எங்க தங்கியிருக்கோம்னு சொல்லத் தெரியாம கேஷுவால்டி வாசல்ல உட்கார்ந்திருக்கிறதை நாங்க அடிக்கடி பார்க்கிறோம்.