புகைக்கு முகமூடி சரி, கூலிக்கு?

காட்டுத்தீ என்றதும் எரியும் மரங்களும் வீடுகளும்தான் ஞாபகம் வரும். ஆனால் தீ எங்கோ எரிந்தாலும் புகை வீடு தேடி வந்துவிடும். 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரம் எரிந்து 85 பேர் இறந்தார்கள். அந்தப் புகை இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவில் பள்ளிகளையே மூட வைத்தது.

அந்த மாநில அரசு சும்மா இருக்கவில்லை. 2019ல் ஒரு விதி வந்தது. புகையால் காற்றுத் தரக் குறியீடு 151ஐத் தொட்டால், வெளியில் வேலை செய்பவர்களுக்கு முதலாளி இலவசமாக என்95 முகமூடி தர வேண்டும். அதே ஆண்டு, முதியோர், ஆஸ்துமா நோயாளிகள் போன்றோர் வந்து இருக்க, பள்ளி, நூலகம் போன்ற கட்டடங்களை சுத்தமான காற்று மையங்களாக மாற்ற நிதி தரும் சட்டமும் போட்டார்கள்.

நல்ல விஷயம்தான். ஆனால் தோட்டத்தில் திராட்சை பறிக்கும் தொழிலாளி அந்த மையத்துக்கு எப்படிப் போவார்? போனால் அன்றைய கூலி போச்சு! அவர்களில் பலர் மெக்சிகோவிலிருந்து ஆவணம் இல்லாமல் வந்தவர்கள். அரசு தரும் வேலையின்மைப் படியும் அவர்களுக்குக் கிடையாது. கூலியா, மூச்சா என்று கேட்டால் பிள்ளைகுட்டிக்காரர் கூலியைத்தான் எடுப்பார்...

முகமூடி வாங்கிய செலவு முதலாளியின் கணக்கில் ஏறுகிறது. தொழிலாளியின் நுரையீரல் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. புகை நாளில் வேலை நின்றால், ஆவணம் கேட்காமல் அன்றைய கூலியை அரசு தர வேண்டும். அதுவரை சுத்தமான காற்று, லீவு போட வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தான்.