பாட்டியின் சொற்களை யார் எண்ணுவது?



உங்கள் வீட்டில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டியோ தாத்தாவோ இருக்கிறாரா? இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும், "பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். லயம், கிராணி, மங்கு, ஒட்டுப்பால், ஆயாக் கொட்டகை என்று சொற்கள் வந்து விழும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பிள்ளைக்கு அவற்றில் எத்தனை புரியும்?

கித்தா என்பது மலாய்க்காரர்களின் கெத்தா. மங்கு என்பது அவர்களின் மங்கோக். இந்த மண்ணில் நாம் யாரோடு வாழ்ந்தோம், என்ன வேலை செய்தோம் என்பதற்கு இந்தச் சொற்களே சாட்சி. கித்தாக் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. நம் மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். லயம் போயிற்று. சொல்லும் போய்க்கொண்டிருக்கிறது.

"நம் கதை பாடநூலில் இல்லை" என்று மேடைக்கு மேடை குமுறுகிறோம். "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டால் நம் கையில் என்ன இருக்கிறது? எண்ணிக் காட்ட வேண்டாமா?

அதற்கு ஒரு வழி இருக்கிறது. பைத்தான் என்பது கணினிக்குக் கட்டளை எழுதும் மொழி. 1991-இல் வெளிவந்தது. இலவசம், ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. பழைய மடிக்கணினியே போதும். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் உங்கள் மகனோ மகளோ சில வாரங்களில் தேவையான அளவு கற்றுக்கொள்ளலாம்.

முதலில் பாட்டியின் அனுமதியோடு அவர் பேச்சைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். அதை அப்படியே தட்டச்சு செய்யுங்கள். "எந்திரிச்சோம்" என்று அவர் சொன்னால் "எழுந்தோம்" என்று திருத்தாதீர்கள். இது ஒரு கோப்பு. பிள்ளையின் தமிழ்ப் பாடநூலிலிருந்து சில பாடங்களைத் தட்டச்சு செய்தால் இன்னொரு கோப்பு. பத்துப் பதினைந்து வரி நிரல் போதும்: கோப்பைத் திற, புள்ளியையும் காற்புள்ளியையும் நீக்கு, இடைவெளியில் வெட்டு, ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணு. இன்னும் ஓரிரு வரி சேர்த்தால், பாட்டியிடம் இருந்து பாடநூலில் இல்லாத சொற்கள் மட்டும் பட்டியலாக வந்துவிடும்.

ஆனால் கணினியை அப்படியே நம்பிவிடாதீர்கள்! தோட்டம், தோட்டத்துல, தோட்டத்துக்கு மூன்றும் அதற்கு மூன்று வெவ்வேறு சொற்கள். "தோட்ட" என்று தொடங்குவதை எல்லாம் ஒன்றாகச் சேர் என்றால், துப்பாக்கித் தோட்டாவையும் சேர்த்துக் கொண்டு வரும். "தமிழ்" என்பதில் எத்தனை எழுத்து என்று கேட்டால் ஐந்து என்னும். மிகரத்தின் கொக்கியையும் ழகரத்தின் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிவிடும். மூன்று என்பது ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரியும். இதைச் சரிசெய்ய ஓப்பன் தமிழ் என்ற இலவச நிரல் தொகுப்பு இருக்கிறது. பட்டியலில் பாதிக்கு மேல் "வந்துச்சு", "போவாங்க" போன்ற வெறும் பேச்சு வடிவங்களாகவே இருக்கலாம். அவற்றைக் கழித்து, தோட்டத்துச் சொல் எது என்று பிரிப்பது மனிதர் வேலை. பாட்டியும் பேரப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அது முடியும்.

இதெல்லாம் பல்கலைக்கழகத்தார் வேலை, நமக்கு எதற்கு என்கிறீர்களா? கணினியில் தமிழ் வந்தது எப்படி? நம் நாட்டின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சிங்கப்பூரில் ஆசிரியராக இருந்த நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்தார். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய நூல்களை வரி வரியாகத் தட்டச்சு செய்தார்கள். யாராவது செய்வார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இது சோறு போடுமா என்றும் கேட்பீர்கள். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு நாளை ஒரு வேலை கிடைக்க வழி உண்டு. ஆனால் பாட்டியின் சொற்களைச் சேர்த்து வைக்க நாளை வழி இருக்காது. அவர் போய்விட்டால் கேட்பதற்கு ஆளில்லை.

ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். ஒரு பாட்டி, அரை மணி நேரப் பேச்சு, அது போதும். தேதியையும் தோட்டத்தின் பெயரையும் கோப்பின் தலையில் எழுதி வையுங்கள். ஒரு படியை உங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் கொடுங்கள். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் பத்துத் தோட்டங்களின் சொற்பட்டியல் நம் கையில் இருக்கும். அடுத்த முறை பாடநூலைப் பற்றி மனு எழுதும்போது, கண்ணீரோடு கணக்கையும் சேர்த்து வைப்போம்.