முகவரியை மறைத்துவிட்டுப் பயனரைக் குறை சொல்வதை ஏற்க மாட்டோம்: நிலைப்பாட்டு அறிக்கை

பணம் அனுப்பும் முன் முகவரியைச் சரிபார்ப்பது முழுக்க முழுக்கப் பயனரின் பொறுப்பு என்று சொல்லி, எங்கள் உறுப்பினர் ஒருவரின் புகாரைக் கிரிப்டோ வாலட் நிறுவனம் ஒன்று முடித்துவைத்திருக்கிறது. போலி முகவரிக்குப் பணம் போய்விட்டது என்பதே அவர் புகார். அந்த முடிவை எங்கள் செயற்குழு ஏற்கவில்லை.

சரிபார்ப்பது பயனரின் கடமை என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. பிளாக்செயினில் போன பணத்தை நிறுத்திவைக்கச் சொல்லி எந்த வங்கிக் கிளையிலும் மனு கொடுக்க முடியாது. ஆனால் சரிபார்ப்பதற்கு எதைக் காட்டுகிறீர்கள்? எத்தீரியம் முகவரிக்கு 42 எழுத்துகள். திரையில் தெரிவதோ முன்னால் நாலைந்து, பின்னால் நாலைந்து, நடுவில் மூன்று புள்ளிகள். முன்னும் பின்னும் நான்கு நான்கு எழுத்துகள் ஒத்துப்போகும் போலி முகவரியை உருவாக்கச் சராசரியாக 430 கோடி முயற்சிகள் தேவை. நல்ல கிராபிக்ஸ் கார்டுக்கு அது பெரிய வேலையே இல்லை. பிளாக்செயின் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே இருப்பதால், யார் யாருக்கு அனுப்புகிறார்கள் என்று திருடர்கள் பார்த்திருந்து, அதே சாயலில் ஒரு முகவரி செய்து, அதிலிருந்து பயனருக்குச் சில்லறைத் தொகை அனுப்புகிறார்கள். பல டோக்கன்களில் பூஜ்யத் தொகையை அனுப்ப உரிமையாளரின் அனுமதியே தேவைப்படாது. நீங்களே அனுப்பியது போன்ற பதிவை வேறொருவர் உங்கள் பரிவர்த்தனை வரலாற்றில் ஏற்றிவிடலாம். அந்தக் குப்பையை உண்மையான பதிவுகளோடு வரிசையாக அடுக்கி, பக்கத்திலேயே காப்பி பொத்தானும் வைத்துத் தருவது வாலட்தான்.

2024 மே 3 அன்று நடந்ததை நினைவூட்டுகிறோம். பணத்தை இழந்தவர் அலட்சியக்காரர் அல்லர். முதலில் சிறு தொகை அனுப்பிப் பார்த்தார், அது சரியாகவே போய்ச் சேர்ந்தது. அதன்பின் வரலாற்றில் முளைத்த போலி முகவரிக்கு 1,155 ராப்ட் பிட்காயின் (எத்தீரியத்தில் இயங்கும் பிட்காயின் டோக்கன்) போனது. அன்றைய மதிப்பு ஏறத்தாழ 6.8 கோடி டாலர். திருடியவரோடு பேரம் பேசிய பிறகு பெரும்பகுதி திரும்பி வந்தது. எங்கள் உறுப்பினருக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. "டெஸ்ட் அனுப்பியிருக்கலாமே" என்று அவருக்குப் பதில் எழுதியவர்கள் இதைப் படிக்கட்டும்.

முகவரிக்குள்ளேயே இருக்கும் பிழைகாணும் சோதனையான செக்சம் எழுத்துப் பிழையைப் பிடிக்கும், போலியைப் பிடிக்காது. போலி முகவரிக்கும் சரியான செக்சம் உண்டு.

2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் திருடுபோனபோது, பரிவர்த்தனைக்குக் கையெழுத்திட்டவர்களின் திரை சரியான முகவரியையே காட்டியது. இதையே தொழிலாகச் செய்பவர்கள் ஏமாந்த இடத்தில், தனி மனிதரைப் பார்த்து "கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்பது என்ன நியாயம்?

வாலட் நிறுவனங்களிடம் நாங்கள் கேட்பது இவை: அனுப்புவதை உறுதிசெய்யும் திரையில் முகவரி முழுமையாகத் தெரிய வேண்டும். முன்பு அனுப்பிய முகவரியின் சாயலில் புதியது வந்தால் எச்சரிக்கை வர வேண்டும். பூஜ்யத் தொகைப் பதிவுகளை, இயன்றவரை, வரலாற்றிலிருந்து மறைத்துவைக்க வேண்டும். புதிய முகவரிக்கு அனுப்பும்போது காத்திருப்பு நேரம் கட்டாயமா என்பதில் செயற்குழுவில் ஒருமித்த கருத்து இல்லை. இப்போதைக்கு அதைப் பரிசீலிக்கத்தக்கது என்று மட்டும் குறிப்பிடுகிறோம்.

உறுப்பினர்களுக்கு: வரலாற்றிலிருந்து முகவரியைக் காப்பி செய்யாதீர்கள். பெறுபவரிடம் கேட்டு வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு, சேமித்துவைத்துக்கொள்ளுங்கள். பேஸ்ட் செய்தபின் மறுபடி பாருங்கள், கிளிப்போர்டில் முகவரியை மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. ஹார்டுவேர் வாலட் வைத்திருப்பவர்கள் கணினித் திரையை நம்பாமல் அந்தக் கருவியின் திரையில் முழு முகவரியையும் படியுங்கள். நெட்வொர்க் எது என்பதையும் பாருங்கள்.

புகாரை அந்த நிறுவனம் மறுபடி எடுத்து விசாரிக்க வேண்டும். அதுவரை அதன் வாலட்டைப் புதிய உறுப்பினர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை என்று செயற்குழு பெரும்பான்மையாக முடிவு செய்துள்ளது.