கேட்டதெல்லாம் தேவசித்தமா?

ராஜகீழ்ப்பாக்கத்தில் வேளச்சேரி சாலையோரம் மனை வேண்டுமா? விசுவாசத்தோடு கேட்டால் கர்த்தர் தந்தே தீரவேண்டும் என்று சங்கீதம் 37:4-ஐக் காட்டிச் சிலர் வாதிடுகிறார்கள். ஒப்பமாட்டேன். அந்த வசனத்தின் முதல் பாதி கர்த்தரில் மகிழச் சொல்கிறது. அதை விழுங்கிவிட்டு, இருதயத்தின் வேண்டுதல்களை அருள்வார் என்ற மறுபாதியை மட்டும் நீட்டுவது விசுவாசமல்ல, பேராசை.

கர்த்தர் நம் ஆசையையே மாற்றுவதும் உண்டு. ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் அமெரிக்காவிலேயே வாழ விரும்பியவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி கேட்டு அவரைத் தேடி வந்தார்கள். ஆண் மருத்துவரை ஏற்க மறுத்தார்கள். மூன்று மனைவியரும் பிரசவத்தில் இறந்தார்கள். ஐடாவின் ஆசையே மாறியது. மருத்துவம் படித்துவந்து, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை.

கெத்செமனேயில் இயேசுவும் தம் விருப்பத்தைச் சொன்னார். ஆனால் பிதாவின் சித்தத்துக்கே தம்மை ஒப்புக்கொடுத்தார். ஆசையைச் சொல்லுங்கள், தவறில்லை. அதை மாற்றும் உரிமையையும் அவரிடமே விடுங்கள்.